சமையல் அறையில் ஒரு துப்பறியும் நிபுணர்!
ரசம் கொதிக்கும்போது படிக்க ஏற்ற மர்மக் கதைகள்

மாமனார் இலையில் உட்காருகிறார். ரசத்தை ஒரு கை அள்ளிக் குடிக்கிறார். உடனே சிரிக்கிறார்.

"இன்றைக்குச் சமைத்தது மருமகள் இல்லை. என் மகன்தான்!" என்கிறார்.

எப்படித் தெரிந்தது? ரசத்தில் பெருங்காயம் இல்லை. மருமகள் பெருங்காயத்தை மறக்கவே மாட்டாள். மகனுக்கோ பெருங்காய டப்பா எந்த மாடத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. ஆகவே சமைத்தவன் மகன்தான்.

இதுதான் துப்பறிவது! கண் பார்த்தது, நாக்கு ருசித்தது, மூளை கணக்குப் போட்டது. இந்தக் காரியத்தை நம் வீடுகளில் தினமும் யாராவது செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். இதையே ஒரு நாவலாக எழுதினால் எப்படி இருக்கும்?

எழுதியிருக்கிறார்கள். மேனாடுகளில் இப்படிப்பட்ட நாவல்கள் ஏராளமாக விற்பனை ஆகின்றன. சாப்பாடும் மர்மமும் கலந்த கதைகள். குடும்பத்தோடு படிக்கலாம். குழந்தைகள் பக்கத்தில் இருந்தாலும் பயம் இல்லை.

ரத்தம் கிடையாது!

மர்மக் கதை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். கத்தி, துப்பாக்கி, ரத்த வெள்ளம் என்று நினைப்பார்கள். இந்த வகைக் கதைகளில் அவை கண்ணில் படுவதே இல்லை.

கதை நடக்கும் இடம் ஒரு சிறிய ஊர். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு குற்றம் நடக்கிறது. அது பக்கத்து அறையில் நடந்ததுபோல ஒதுக்கமாகச் சொல்லப்படும். கண்டுபிடிப்பவர் போலீஸ் அதிகாரி அல்ல. பலகாரக் கடை நடத்தும் பெண், கல்யாணச் சமையல் செய்பவர், ஊர் வம்பு எல்லாம் தெரிந்த ஒரு பாட்டி, இவர்களில் ஒருவர்தான் கதாநாயகர். கடைசியில் குற்றவாளி பிடிபடுவான். ஊர் பழையபடி அமைதி அடையும்.

இந்த வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் ஆங்கில நாவலாசிரியை அகதா கிறிஸ்டி. 1890-ல் பிறந்தவர். முதல் உலகப்போர் நடந்தபோது ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தார். எந்த மருந்து எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் மரணம் என்பதை அங்கேதான் கற்றார். அவருடைய முதல் நாவல் 1920-ல் வந்தது. 1976-ல் இறப்பதற்குள் 66 துப்பறியும் நாவல்கள் எழுதி முடித்துவிட்டார்.

அவர் படைத்த மிஸ் மார்ப்பிள் என்ற கிழவி ஒரு கிராமத்தில் வசிப்பவள். கையில் எப்போதும் ஒரு பின்னல் வேலை இருக்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையிலிருந்தே கொலைகாரனைப் பிடித்துவிடுவாள். நம் ஊர்த் திண்ணைகளில் இப்படி எத்தனை பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

1953-ல் வந்த ஒரு மார்ப்பிள் நாவலில், ஒரு பணக்காரர் தேநீர் குடித்தவுடன் துடித்து விழுகிறார். அவருடைய சட்டைப் பையில் ஒரு பிடி தானியம் இருக்கிறது! கோட்டு போட்ட கனவானின் பையில் தானியத்துக்கு என்ன வேலை? இந்த ஒரு கேள்வி போதும். புத்தகத்தை முடிக்காமல் கீழே வைக்க முடியாது.

ஒன்பது கிண்ணம் குழம்பு

அமெரிக்காவில் ரெக்ஸ் ஸ்டவுட் என்ற எழுத்தாளர் 1934-ல் நீரோ வுல்ப் என்ற துப்பறியும் நிபுணரை உருவாக்கினார். இவர் பருத்த ஆள். வீட்டை விட்டு வெளியே போவது இவருக்குப் பிடிக்காது. வீட்டில் தனிச் சமையல்காரர் உண்டு. சாப்பிடும் நேரத்தில் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது!

1938-ல் வந்த ஒரு நாவலுக்காக இந்த மனிதர் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். காரணம், பெரிய சமையல் நிபுணர்கள் கூடும் விருந்து. அங்கே ஒரு போட்டி. ஒன்பது கிண்ணங்களில் ஒரே குழம்பு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சாமான் மட்டும் சேர்க்கப்படவில்லை. எதில் எது குறைகிறது என்று ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். போட்டி நடுவில் கொலை விழுகிறது! நம் மாமனாரை அங்கே அனுப்பினால் பரிசு அவருக்குத்தான்.

பிறகு இன்னொரு புதுமை வந்தது. கதைக்குள்ளேயே சமையல் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1982-ல் வர்ஜீனியா ரிச் என்ற அம்மையார் சமையல் பள்ளியில் நடக்கும் கொலைகளைப் பற்றி நாவல் எழுதினார். 1990-ல் டயான் மாட் டேவிட்சன் விருந்துச் சமையல் செய்யும் ஒரு பெண்ணைத் துப்பறிய வைத்தார். 2000-ல் ஜோன் புளூக் எழுதிய நாவலில் பிஸ்கட் கடை நடத்தும் பெண் கொலைகாரனைத் தேடுகிறாள். வாசகர் ஒரு பக்கத்தில் மர்மத்தைப் படிப்பார். மறு பக்கத்தைப் பார்த்து அடுப்பில் பிஸ்கட் சுடுவார். ஒரே புத்தகத்தில் இரண்டு லாபம்!

ஜப்பானில் 2013-ல் ஹிசாஷி காஷிவாய் எழுதிய கதைகள் இன்னும் அழகானவை. கியோட்டோ நகரில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. அதை நடத்துபவர் போலீஸ் வேலையை விட்டவர். அவருக்குத் துணை அவர் மகள். "இறந்துபோன என் மனைவி சமைத்த அந்தக் குழம்பை மறுபடி சாப்பிட வேண்டும்" என்பது போன்ற வேண்டுகோளுடன் ஆட்கள் வருவார்கள். செய்முறை யாருக்கும் தெரியாது. தகப்பனும் மகளும் ஊர் ஊராகத் துப்பறிந்து, தொலைந்துபோன ருசியைக் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். இதில் கொலையே இல்லை. ஆனால் கண்ணீர் வரும்.

காபியில் விஷம்

மர்மக் கதை எழுதுகிறவர்கள் சமையல் அறையை ஏன் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்? அதற்கு ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

1830-களில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. காபியில் பாஷாணம் கலந்து தாத்தாவைக் கொன்றதாகப் பேரன் மீது குற்றச்சாட்டு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயன நிபுணர் சோதனை செய்து, விஷம் இருந்ததைக் கண்டுபிடித்தார். ஆனால் கோர்ட்டில் காட்டுவதற்குள் அந்தச் சோதனைப் பொருள் கெட்டுவிட்டது. ஜூரிகள் நம்பவில்லை. பேரன் விடுதலை ஆனான்.

மார்ஷ் மனம் நொந்தார். ஆனால் சும்மா இருக்கவில்லை. இன்னும் உறுதியான சோதனை முறை ஒன்றைக் கண்டுபிடித்து, 1836-ல் வெளியிட்டார். மிகச் சிறிய அளவு பாஷாணம் இருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும். அதுவரை சோற்றில் விஷம் வைத்தவன் எளிதில் தப்பினான். அதன் பிறகு தப்புவது கடினமாயிற்று.

இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஒருவர் கையால் வாங்கிச் சாப்பிடுகிறோம் என்றால், அவரை நம்புகிறோம் என்று அர்த்தம். அந்த நம்பிக்கை உடைவதுதான் எல்லாவற்றிலும் பெரிய குற்றம். அதனால்தான் சாப்பாட்டில் தொடங்கும் மர்மக் கதை நம் நெஞ்சை அப்படிப் பிடித்துக் கொள்கிறது.

நெய் கடன் வழக்கு

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை! நம் பாட்டிமார்கள் சொன்ன மரியாதைராமன் கதைகளை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு பெண்கள் வழக்கோடு வருகிறார்கள். ஒருத்திக்கு மாடுகள் அதிகம். இன்னொருத்திக்கு மாடுகள் குறைவு. குறைந்த மாடு உள்ளவள், "நான் இவளுக்கு நெய் கடன் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை" என்கிறாள். மற்றவள், "இத்தனை மாடு வைத்திருக்கும் நான் இவளிடம் போய்க் கடன் வாங்குவேனா?" என்கிறாள். சாட்சி இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் மாடு அதிகம் உள்ளவள் பக்கம் சாய்கிறார்கள்.

மரியாதைராமன் இருவரையும் சேற்றில் நடந்து வரச் சொல்கிறான். கால் கழுவ ஆளுக்கு ஒரு சிறு செம்புத் தண்ணீர் கொடுக்கிறான். ஒருத்தி சேற்றை முதலில் வழித்து எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரிலேயே காலைச் சுத்தம் செய்து மீதியை வைக்கிறாள். இன்னொருத்தி செம்பைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, சேற்றுக் காலோடு மேலும் தண்ணீர் கேட்கிறாள். அவள்தான் மாடு அதிகம் உள்ளவள்! "எத்தனை மாடு இருந்தாலும் இவள் கையில் எதுவும் தங்காது. கடன் வாங்கியவள் இவளே" என்று தீர்ப்பு ஆகிறது.

நெய்யைப் பற்றிய வழக்கு, தண்ணீரால் தீர்ந்தது! அடி இல்லை, உதை இல்லை. குணத்தை வைத்தே குற்றத்தைப் பிடித்தான். மேனாட்டு மார்ப்பிள் கிழவியும் இதைத்தான் செய்கிறாள்.

தமிழில் துப்பறிந்தவர்கள்

தமிழில் அச்சான முதல் துப்பறியும் கதை நூல்களில் ஒன்று 'தானவன்'. 1894-ல் பண்டித நடேச சாஸ்திரி எழுதியது. இவர் பழைய கல்வெட்டுகளைப் படித்து மொழிபெயர்த்தவர். கிராமத்துக் கதைகளையும் தேடித் தொகுத்தவர். கல்லில் எழுத்தைத் தேடியவருக்குக் கள்ளனைத் தேடும் கதையும் பிடித்ததில் வியப்பு என்ன?

பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் வந்தார்கள். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனை அந்தக் காலத்து வாசகர்கள் சொந்தக்காரரைப்போல நேசித்தார்கள். வடுவூராரின் 'திகம்பர சாமியார்' 1950-ல் சினிமாவாகவும் வந்தது. எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றி அசத்தினார்.

பெண்களும் பின்தங்கவில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. தம்முடைய முதல் நாடகத்தை இவர் சொல்லச் சொல்ல, தோழி எழுதினார். பிறகு தாமே எழுதக் கற்றார். 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். 1960-ல் மறைவதற்குள் 115 நாவல்கள் எழுதினார்! எழுத்துக் கூட்டிப் படிக்கும் சகோதரிகள் இவரை மறக்கக் கூடாது.

சிரித்துக்கொண்டே படிக்க வேண்டுமா? தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு' இருக்கிறது. 1940-களில் ஆனந்த விகடனில் வந்தது. சாம்பு ஒரு பாங்கு குமாஸ்தா. அசட்டுத்தனமாக ஏதோ செய்வான். அதிருஷ்டவசமாகக் குற்றவாளி அகப்படுவான். ஊரெல்லாம் அவனை மேதை என்று புகழும். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து படிக்க இதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது அரிது.

தமிழ்வாணன் படைத்த சங்கர்லாலை மறக்க முடியுமா? அவருக்குத் துப்பாக்கியைவிடத் தேநீர்தான் முக்கியம். மர்மம் முற்றினால் தேநீர் வரும். ஒரு கோப்பை உள்ளே போனதும் மூளை சுறுசுறுப்பாகும். அந்தக் கதைகளைப் படித்துவிட்டுத் தேநீர் கேட்டு அம்மாவைத் தொந்தரவு செய்த பிள்ளைகள் ஒருவர் இருவரா?

உத்திரமேரூரில் ஒரு மர்மம்

இப்படிப்பட்ட கதைக்கு ஒரு சிறிய ஊர் வேண்டும் என்று சொன்னோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரைவிடப் பொருத்தமான ஊர் எது?

ஊர் நடுவே வைகுண்டப் பெருமாள் கோவில். சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் விதிகள் அதில் இருக்கின்றன. ஊரில் 30 குடும்புகள். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடம் இல்லை. அவனுடைய சொந்தக்காரர்களுக்கும் இடம் இல்லை! பிறர் பொருளைத் திருடியவனுக்கும் கதவு அடைப்பு.

பார்த்தீர்களா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கும் குறைவு இல்லை. சுற்றிலும் நெல் வயல். பெரிய ஏரி. கொஞ்ச தூரத்தில் காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோவில் இட்லி அங்கே பிரசித்தம். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்ந்தது. மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, நீண்ட நேரம் ஆவியில் வேக வைப்பார்கள். ஒரு கதையைக் கற்பனை செய்யுங்கள். கணக்குக் காட்டாத ஒருவன். காணாமல் போன ஒரு நெய்க்குடம். அன்றைய இட்லியில் மட்டும் நெய் மணம் இல்லை. அதை முதலில் கண்டுபிடித்தது யார்? குடத்தில் ஓலை எடுத்த அந்தச் சிறுவன்! உத்திரமேரூர்ப் பக்கத்து இளைஞர்களே, பேனாவை எடுங்கள்!

கைநாட்டு திரும்பக் கூடாது

இது வெறும் பொழுதுபோக்கா? இல்லை. இதில் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

1951 மக்கள் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 18 பேர்தான். பெண்களில் 9 பேர்கூட நிறைவாக இல்லை. 2011-ல் தமிழ்நாட்டில் இது 100-க்கு 80 ஆக உயர்ந்தது. பெண்களில் 73. 1990-களில் அறிவொளி இயக்கம் கிராமம் கிராமமாகச் சென்று எழுத்து சொல்லிக் கொடுத்ததும் இதற்கு உதவியது.

ஆனால் கற்ற எழுத்து பழகாவிட்டால் மறந்துபோகும். தேய்க்காத பாத்திரம் கறுத்துப் போவதுபோல! கையெழுத்துப் போடக் கற்றவர் மறுபடி கைநாட்டுக்குத் திரும்பினால் எவ்வளவு வருத்தம்! பழக வேண்டும் என்றால் படிக்க ஆசை வர வேண்டும். "அடுத்து என்ன? யார் செய்தது?" என்ற கேள்வியைவிட ஆசை மூட்டுவது வேறு என்ன இருக்கிறது? நீதி நூலைப் பத்துப் பக்கத்தில் மூடி வைப்பவர்கூட, மர்ம நாவலில் நூறு பக்கம் எழுத்துக் கூட்டியே போய்விடுவார்.

இன்னொரு லாபமும் உண்டு. துப்பறியும் கதை படிப்பவர் எதையும் கவனித்துப் படிப்பார். இனிப்பாகப் பேசுகிறவனை உடனே நம்பமாட்டார். கடன் பத்திரம், சீட்டுக் கணக்கு, பாங்கு காகிதம் எது வந்தாலும், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் காப்பாற்றும்.

நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று சொன்ன காலம் உண்டு. அடுப்பில் பால் பொங்கி வழியும், அவ்வளவுதான்! அதற்கும் வழி இருக்கிறது. பாலை இறக்கி வைத்துவிட்டுப் படியுங்கள்.

புத்தகத்துக்குப் பணம்?

பணம் இல்லையே என்று கவலை வேண்டாம். சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. இதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியிலேயே நூலகம் கிராமங்களுக்குப் போனது!

வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே நூலகத்தில் இருப்பது நம் புத்தகம். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

வீட்டில் படிக்க ஒரு முறை சொல்கிறோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். புதிதாக எழுத்துக் கற்றவர் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். தடுமாறினால் சிரிக்கக் கூடாது. அத்தியாயம் முடிந்ததும், குற்றவாளி யார் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தை முன்கூட்டியே பார்த்தவருக்கு மறுநாள் அப்பளம் கிடையாது!

நீங்களும் துப்பறியலாம்

கதையில் மட்டும் அல்ல, கடையில் வாங்கிய சாமானிலும் துப்பறியலாம். மிளகில் பப்பாளி விதையைக் கலப்பது உண்டு. ஒரு தம்ளர் தண்ணீரில் மிளகைப் போடுங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். அது சுருங்கி, முட்டை வடிவில், பச்சை கலந்த பழுப்பாக இருக்கும்.

பாலில் ஒரு சொட்டை வழவழப்பான சாய்வான தட்டில் விடுங்கள். நல்ல பால் மெதுவாக ஓடி வெள்ளைத் தடம் விடும். தண்ணீர் கலந்த பால் தடம் இல்லாமல் ஓடிவிடும்.

இனி உங்கள் மூளைக்கு ஒரு வேலை. பாட்டி தூக்கில் வைத்திருந்த வெல்லக் கட்டி ஒன்று மாலையில் காணாமல் போயிற்று. வீட்டில் மூன்று பேரன்கள். மூவரும், "நான் எடுக்கவில்லை" என்றார்கள். பாட்டி அடிக்கவில்லை; மிரட்டவில்லை. "சரி, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்" என்றாள். விடிந்ததும் கொடிப் பக்கம் போய் வந்தாள். நேராக நடுப் பேரனிடம் போனாள். "ஏண்டா கண்ணு, கேட்டால் கொடுத்திருக்க மாட்டேனா?" என்றாள். அவன் தலை குனிந்தான்.

பாட்டி எப்படிக் கண்டுபிடித்தாள்? விடையைப் பார்க்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

விடை: நடுப் பேரனின் சட்டைப் பையில் மட்டும் எறும்பு வரிசை!